அக்காவின் ரேந்தையும் பதினேழாம் நூற்றாண்டும்

அக்காவின் கல்லறைக் கல்லில் வயது எழுபத்தொன்பது என்று செதுக்கியிருக்கிறார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் கல் செதுக்கியவன் வீட்டு வாசலுக்கே போய் நின்றிருப்பார். எங்கள் வீட்டுக் கணக்குப்படி அக்காவுக்கு எண்பது. எழுபத்தொன்பது முடிந்து எண்பது நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலை தேடி வந்த எங்கள் ஆட்கள் வயதை நடப்பில்தான் சொல்வார்கள். பிறந்த அன்றே பிள்ளைக்கு முதலாம் வயது நடக்கத் தொடங்கிவிடும். முடிந்துபோனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நடக்கிறதைச் சொல்லு என்பார் அம்மா.

இப்படி எண்ணிப் பழகிய வீட்டில்தான் ஒரு முறை ஒரு நூற்றாண்டைத் தப்பாக எண்ணிவிட்டோம். அந்தத் தப்பால் அக்காவின் கல்யாணம் அழுகையில் முடியப் பார்த்தது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் இருக்கவேண்டும் என்று சாலைக்குச் சாலை தடுப்பு போட்டுப் பையைக் குடைவார்கள். ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. மலாக்கா நகரத்துக்குள் எங்களுக்குப் பெரிய பயம் இல்லை. ஆனால் நகரத்தைத் தாண்டி ரப்பர் மரங்கள் தொடங்கியதும் பேருந்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் வீடு மலாக்காவின் பண்டா ஹிலிர் பகுதியில் இருந்தது. அப்பா நில அலுவலகத்தில் கிளார்க். அவர் வாயிலிருந்து ஒன்று வந்தால் எங்களுக்கு அது அரசாங்க கெஜட். அம்மாவுக்குப் படிப்பு குறைவு, பெருமை அதிகம். அந்தப் பெருமைக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். மற்றொன்று, அதற்குச் சாட்சியாக அவர் கொண்டுவந்த ரேந்தை.

ரேந்தை என்றால் லேஸ். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அம்மா கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த புதிதில் பாசாருக்குப் போனபோது, துணி விற்கும் மலாய்க்காரப் பெண்ணும் அதை 'ரெண்டா' என்றாளாம். கடல் கடந்து வந்த ஊரிலும் அதே சொல்லா என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அன்றைக்கே இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது என்பார்.

அம்மாவின் ரேந்தை நாலு விரல் அகலம், பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம். ஒரு ஓரம் நேராக இருக்கும், மற்ற ஓரம் கூர்கூராகப் பல் வைத்திருக்கும். நீலத்தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அதன் கதை இது. பறங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் அது ஒரு கோயிலில் மாதாவின் முக்காட்டு ஓரமாக இருந்தது. பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், டச்சுக்காரர்கள். கத்தோலிக்கக் கோயில்களைப் பூட்டினார்கள், பூசை வைத்தவர்களைத் துரத்தினார்கள். அப்போது அம்மாவின் வழியில் வந்த ஒரு பெண் அந்த ரேந்தையை உப்புச் சாடிக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். அன்றிலிருந்து அந்த வழியில் பிறந்த மூத்த பெண்கள் எல்லாரும் கல்யாணத்தன்று அதை முக்காட்டில் தைத்துக்கொண்டுதான் பீடத்துக்குப் போனார்கள். அடுத்த முறை அக்காவுக்கு.

ஒல்லாந்தர் மீது அம்மாவுக்கு இருந்த கோபம் ஏதோ நேற்று நடந்த பக்கத்து வீட்டுச் சண்டை போல இருக்கும். மலாக்காவில் அவர்கள் கட்டிய சிவப்புக் கட்டடங்களைத் தாண்டித்தான் எங்கள் கோயிலுக்குப் போகவேண்டும். ஞாயிறுதோறும் அம்மா அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கம் போய், ஆற்றைப் பார்த்தபடி நடப்பார். "அங்கையும் வந்தவங்கள், இஞ்சையும் வந்திருக்கிறாங்கள்" என்று முணுமுணுப்பார். சிவப்புச் சுவருக்கு மட்டும் காது இருந்திருந்தால் வெட்கத்தில் வெள்ளையாகியிருக்கும்.

அக்காவுக்கு ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெசராக இருந்தவரை நிச்சயித்திருந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர், பின்னால் எனக்கு அண்ணனாகவே இருந்தார். ஆனால் அந்தத் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கி, சாயங்காலம் ஆனால் உள்ளே போனவர் வெளியே வர முடியாது. ஒரு நாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் சொன்னாள்.

"நான் முள்ளுக்கம்பிக்குள்ளதான் சீவிக்கப்போறன். அது பரவாயில்லை. ஒரு நாள், ஒரேயொரு நாள் அம்மாவின்ர ரேந்தை என்ர தலையில கிடந்தால் காணும், அது போதும். பிறகு என்னத்தையும் தாங்குவன்."

அக்கா எதையும் கேட்டுப் பழகாதவள். நான் கேட்டுக்கேட்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற வாயாடி. அவள் வாய்விட்டு ஆசைப்பட்டு என் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான்.

அந்த வருஷம் கான்வென்டில் பழைய பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். கன்னியாஸ்திரிகள் கேட்டதால் அம்மா ரேந்தையையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதற்குக் காவல் போல அந்த மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்க்க வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, தோட்ட மானேஜரின் மனைவி. பழைய லேஸ் சேர்ப்பது அவளுக்குப் பைத்தியம். பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். கூர்கூரான பற்களைத் தொட்டுக் காட்டி, இப்படிப் பல் வைப்பது ஒரு காலத்து மோஸ்தர், பிறகு ஓரத்தை நேராக்கிவிட்டார்கள் என்றாள். இது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். என்றைக்காவது இதை விட்டுவிட நினைத்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், லண்டனில் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

வினை அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வந்தது. அம்மாவின் குலப்பெருமையைச் சீண்டுவது அப்பாவுக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். தட்டில் கையை வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"இஞ்சருமப்பா, உம்மட ரேந்தை எந்தக் காலமெண்டு துரைசாணி சொன்னவ தெரியுமோ? பதினேழாம் நூற்றாண்டு."

"கனகாலம்தானே? நான் சொன்னனான்" என்றார் அம்மா.

"பதினேழெண்டால் ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து எழுநூறில யாழ்ப்பாணத்தை ஆண்டது ஆர்? ஒல்லாந்தன்! அதுக்கு எத்தினையோ காலம் முந்தியே பறங்கியன் கப்பலேறிப் போட்டான். உம்மட மாதா முக்காடு ஒல்லாந்தன் பின்னின சாமான்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். கான்வென்டில் சரித்திரம் படித்த எனக்கும் அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை. பதினேழு என்ற எண்ணைக் கேட்டால் ஆயிரத்து எழுநூறு என்றுதானே மனம் ஓடும்? நாங்கள் ராஜாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம், நூற்றாண்டுகளைப் பேருந்தில் போகிறவர்கள் நிறுத்தங்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனோம்.

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவினார். அப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது அம்மாவுக்கு இடி. ஒல்லாந்தர் காலத்தில் பின்னியது என்றால் உப்புச் சாடிக் கதை பொய். கோயில்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் ஏது மாதாவுக்குப் புது முக்காடு? அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தது யார்? ஒல்லாந்தரிடம் வேலைக்கு, விருந்துக்கு, சலுகைக்கு என்று வேதத்தை விட்டு அவர்கள் சபைக்கு மாறிப்போனவர்கள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப எங்கட ஆக்கள் வேதத்தை வித்து வாங்கினதோ இது?" என்று கேட்டார் அம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அப்பா சமாளிக்கப் பார்த்தார். பகிடிக்கு, சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன் என்றார். பகிடியா, கணக்கு பிழையா என்று அம்மா திருப்பிக் கேட்டார். கணக்கு சரிதான் என்று அப்பா சொல்ல வேண்டியதாயிற்று. கிளார்க்குக்குக் கணக்கு எப்படிப் பிழைக்கும்?

மறுநாள் அம்மா முடிவைச் சொல்லிவிட்டார். ஒல்லாந்தனின் பொருள் தன் மகளின் தலையில் ஏறாது. துரைசாணி ஆசைப்பட்டாள், அவளே வைத்துக்கொள்ளட்டும். அன்று பின்னேரமே கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கெஜம் மிஷின் லேஸ் வாங்கி வந்தார். பளபளவென்று, கஞ்சி போட்டது போல விறைத்து நின்றது அது. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "வடிவாயிருக்கு அம்மா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டக்கூடியவள் நான் ஒருத்திதான், கட்டிப் பார்த்தேன். கன்னத்தில் ஒன்று விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேருந்தில் ஏறினோம். துரைசாணியின் பங்களாவும் ஜாசின் வழியில்தான். உரிமைக்காரி தன் கையால்தான் கொடுக்கவேண்டும் என்று நீலத்தாள் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்திருந்தார் அம்மா. அக்கா அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடியிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த காற்றில் கலைந்த முடியைக்கூட ஒதுக்கவில்லை. அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

ரப்பர் மரங்கள் தொடங்கிய சிறிது தூரத்தில் தடுப்பு. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். எங்களைச் சோதித்தவர் ஒரு தமிழர், தோட்டத்திலிருந்து காவலுக்குச் சேர்ந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். முதலில் பொட்டலத்தைப் பிரித்தார். அரிசியை எதிர்பார்த்திருப்பார் போல. ரேந்தையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்கம்மா இது, மீன் வலையா?"

 அம்மாவின் மூக்கு சிவந்தது. பிறகு கான்ஸ்டபிள் அக்காவின் ஐ.சி.யைப் பார்த்தார். படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் குற்றமில்லை. நெருப்புக் காய்ச்சல் வந்து எழுந்த கையோடு எடுத்த படம் அது, முடி உதிர்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ போல இருக்கும்.

"இது நீங்கதானா? வயசு என்னா?"

அக்கா துப்பாக்கியைப் பார்த்து நாக்கு ஒட்டிப்போய் நின்றாள். அம்மாதான் முந்திக்கொண்டார். "இருபத்திமூண்டு."

கான்ஸ்டபிள் கார்டில் இருந்த பிறந்த வருஷத்தைப் பார்த்து விரல் மடித்தார். "கார்டுல இருபத்திரெண்டுதானேம்மா வருது? ஆளும் ஒத்துவரல, வயசும் ஒத்துவரல. கொஞ்சம் இப்படி வாங்கம்மா நீங்க."

அக்காவைத் தனியாக அழைத்ததும் அப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"தம்பி, ரெண்டும் சரிதான். இருபத்திரெண்டு முடிஞ்சுது, இருபத்திமூண்டு நடக்குது. எங்கட ஆக்கள் நடக்கிறதைத்தான் சொல்லுறது. பிள்ளை பிறந்த உடனேயே முதலாம் வயசு நடக்கத் துடங்கிடும், விளங்குதோ? ஒரு வருஷமும் முடிஞ்சிருக்காது, ஆனால் முதலாம் வருஷம். இருபத்திமூண்டாம் வருஷம் எண்டால் கையில முடிஞ்சிருக்கிறது இருபத்திரெண்டு. இதில என்ன கஷ்டம்? முதலாம், ரெண்டாம், மூண்டாம், அப்பிடியே பதினாறாம், பதினேழாம்..."

அங்கே நின்றுவிட்டார். சுருட்டிய பேப்பர் அந்தரத்தில் நின்றது.

"பதினேழாம் எண்டால் முடிஞ்சிருக்கிறது பதினாறு" என்றார், மெதுவாக, தனக்கே சொல்வது போல.

"என்னங்க சார்?" என்றார் கான்ஸ்டபிள்.

"முதலாம் நூறு வருஷத்தில ஒரு நூறும் முடியேல்லை. ரெண்டாம் நூற்றாண்டிலதான் நூத்திச் சொச்சம் வரும். அப்ப பதினேழாம் நூற்றாண்டெண்டால்... ஆயிரத்து அறுநூறு!" அப்பா கத்திவிட்டார். பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இஞ்சருமப்பா, ஆயிரத்து அறுநூறு! எழுநூறு இல்லை! அது நடக்கிற கணக்கு! நான் முடிஞ்ச கணக்கெண்டு நினைச்சிட்டன்!"

நடுச்சாலையில் அரசாங்க கிளார்க் ஒருவர் குதிப்பதைப் பார்த்துக் கான்ஸ்டபிளின் கை தானாகத் துப்பாக்கி வாருக்குப் போனது.

அம்மா அசையவில்லை. "ஆயிரத்து அறுநூறில ஆர் இருந்தவங்கள்?" என்று கேட்டார்.

"பறங்கியர்தானப்பா. ஐம்பத்தெட்டிலதான், ஆயிரத்து அறுநூத்தி ஐம்பத்தெட்டிலதான் ஒல்லாந்தன் கோட்டையைப் பிடிச்சவன். துரைசாணி சொன்னது நூற்றாண்டின்ர தொடக்கம். அதுக்கு முந்தின சாமான் இது. உம்மட கதை சரி. முழுக்கச் சரி."

"நல்லாத் தெரியுமோ? பிறகு வீட்டை போய் மாத்திச் சொல்லுறேல்லை."

"தேவமாதா ஆணை."

அம்மா கான்ஸ்டபிளின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "தாரும் தம்பி. அது மீன் வலை இல்லை." ரேந்தையை வாங்கி, நீலத்தாளில் மடிப்பு மாறாமல் சுற்றி, இந்த முறை தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார்.

அக்கா சாலையோரத்துப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் வாய் மூடி இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

"எல்லாம் சரிங்க சார், அக்காவுக்கு வயசு என்னான்னு கடைசியா ஒண்ண சொல்லிட்டுப் போங்க லா" என்றார் கான்ஸ்டபிள். பாவம், நல்ல பையன். அழுகிறவளைப் பார்த்ததும் ஐ.சி.யை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

நாங்கள் வந்த பேருந்து எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. எதிரே வந்த பேருந்தில் ஏறி மலாக்காவுக்கே திரும்பினோம். துரைசாணிக்கு எங்கள் பயணமே தெரியாது. மிஷின் லேஸை அம்மா எனக்கு உள்பாவாடையில் வைத்துத் தைத்துத் தந்தார். அது குத்திய குத்து இன்னும் நினைவிருக்கிறது.

பல வருஷங்கள் கழித்து, பழைய லேஸைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை நூலகத்தில் புரட்டினேன். லேஸின் மேல் யாரும் தேதி எழுதி வைப்பதில்லை, அதனால் தெரிந்தவர்கள்கூட நூற்றாண்டின் முற்பாதி, பிற்பாதி என்று கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்வார்கள் என்று அதில் இருந்தது. ஒரு மோஸ்தர் பிறந்த ஊரில் மாறிப்போன பிறகும், தூரத்து ஊர்களில் கைகள் பழைய மாதிரியே பின்னிக்கொண்டிருக்குமாம். அப்படியானால் எங்கள் ரேந்தை ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டுக்குப் பிறகு, ஒல்லாந்தர் காலத்திலும் பின்னப்பட்டிருக்கலாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். சொல்லியிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

அக்காவின் கல்யாணம் காலைப் பூசையில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெளிச்சத்திலேயே தோட்டத்துக்குத் திரும்பவேண்டும் என்பதால் எல்லாம் அவசரம். அம்மா விடிவதற்குள் எழுந்து, முக்காட்டின் ஓரத்தில் ரேந்தையைச் சின்னச் சின்னத் தையலாகத் தைத்தார். ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு, துணியில் ரத்தம் படாமல் பார்த்துக்கொண்டார். அக்கா கண்ணாடி முன் நின்றபோது அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டார். கொல்லையில் போய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வாடகைக் காரில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம். ஒல்லாந்தரின் சிவப்புக் கட்டடங்கள் வருவதற்கு முன்பே நான் அம்மாவைப் பார்த்தேன். வழக்கம் போல ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். அம்மா டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, இந்த இடத்தில மெதுவாய்ப் போம். நல்லா மெதுவாய்."

ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அக்கா வெட்கத்தில், "அம்மா, காணும் அம்மா" என்று சிரித்தாள். அம்மா கேட்கவில்லை. அந்தச் சிவப்புச் சுவர் முடியும்வரைக்கும் அக்காவின் முக்காட்டு ஓரத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.